பல நிறச் சோளமும் பக்கத்து வீடும்

"சுரை விதைத்தால் அவரை முளைக்குமா?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. முளைக்காதுதான். ஆனால், வெள்ளைச் சோளம் மட்டுமே விதைத்த பாத்தியில் மஞ்சள் மணியும் ஊதா மணியும் பதித்த கதிர் விளையுமா என்று கேட்டால், விளையும் என்றே பதில் கூற வேண்டியுள்ளது. விதைத்தவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், நான்கு வீடு தள்ளி ஒருவர் வேறு நிறச் சோளம் நட்டிருந்தால் போதும். அங்கே பூத்தது இங்கே காய்த்துவிடும். மற்றக் காய்கறிகளில் அதிகம் காணப்படாத இந்தக் குணமே சோளத்தின் அழகுக்கும் காரணம். அதன் பழைய வகைகள் அழிந்து போவதற்கும் காரணம்.

பாயான் லெப்பாசில் இணைப்பு வீடொன்றில் குடியிருக்கும் நான், தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் வீட்டின் பக்கவாட்டு நிலத்தில் வண்ணச் சோளம் பயிரிட்டு வருகிறேன். இதில் கற்றவற்றை மெய்யன்பர்களோடும் அறக்கொடையாளர்களோடும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்றை முதலிலேயே கூறிவிடுகிறேன். வண்ணச் சோளம் வளர்ப்பது எளிது. வண்ணச் சோளத்தைக் காப்பது தனி ஒருவரால் ஆகாது.

எந்தச் சோளம்?

தமிழகத்தில் சோளம் என்றால் வெண்முத்து போன்ற சிறு மணிகளைக் கொண்ட பழைய தானியத்தையே குறிக்கும். நாம் மலேசியாவில் சோளம் என்று சொல்வது மக்காச்சோளத்தை. மலாய்க்காரர்கள் ஜாகுங் என்பதை. இக்கட்டுரையில் வரும் சோளம் அதுவே.

இது நம் நாட்டுப் பயிரன்று. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ நாட்டின் தென்மேற்குப் பகுதியில், தியோசின்டே எனும் காட்டுப் புல்லிலிருந்து அங்கு வாழ்ந்த மக்கள் இதைப் பயிராக்கினர். அப்புல்லின் கதிர் ஒரு விரல் நீளமே இருக்கும். அதில் கல்போன்ற ஓடு மூடிய சில விதைகளே உண்டு. தலைமுறை தலைமுறையாக நல்ல கதிரைத் தேர்ந்தெடுத்து விதைத்தே இன்றைய பெருங்கதிரை உருவாக்கினார்கள். மாயா இன மக்கள் சோளத்தின் நான்கு நிறங்களைத் திசைகளுக்குரியவையாகக் கொண்டனர். கிழக்குக்குச் சிவப்பு, வடக்குக்கு வெள்ளை, மேற்குக்குக் கறுப்பு, தெற்குக்கு மஞ்சள். திசைகளுக்குத் தெய்வமும் நிறமும் கூறும் மரபில் வந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பிறகே சோளம் கடல் கடந்தது. நமது நவதானியங்களில் இதற்கு இடமில்லாததும் இயல்பே. கர்நாடக மாநிலம் சோமநாதபுரத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கேசவப் பெருமாள் கோயிலின் சிற்பங்கள் சில, கையில் சோளக்கதிர் போன்ற ஒன்றை ஏந்தி நிற்கின்றன. அவை மக்காச்சோளமே என்று 1989இல் அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஜொஹானசென் எழுதினார். இந்தியச் சோள ஆராய்ச்சியாளர்களான பாயக், சச்சான் இருவரும் 1993இல் அதை மறுத்து, அது முத்துகள் பதித்த கற்பனைக் கனி என்று விளக்கினர். அந்நூற்றாண்டு மண்ணிலிருந்து ஒரு சோள மணியும் உறுதியாகக் கிடைக்காத நிலையில் மறுப்பே வலுவாக நிற்கிறது.

சோளம் புல் இனத்தைச் சேர்ந்தது. நமது பொங்கல் கரும்புக்கு உறவுமுறை. இந்தியத் தாவர அறிவியலாளர் ஜானகி அம்மாள், கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய காலத்தில் கரும்பையும் சோளத்தையும் கலந்து ஒரு செடியை உண்டாக்கி, அதனை 1938இல் அறிவியல் உலகுக்கு அறிவித்தார்.

நிறம் எங்கே இருக்கிறது?

சோள மணியை நகத்தால் உரித்துப் பார்த்தால் மூன்று அடுக்குகளைக் காணலாம். மேலே கண்ணாடித் தாள் போன்ற தோல். அதன் அடியில் மிக மெல்லிய ஓர் ஏடு. அதற்குள் மாவு. இம்மூன்றிலும் தனித்தனியே நிறம் இருக்கக் கூடும்.

மஞ்சள் நிறம் மாவில் உள்ளது. கேரட்டுக்கு நிறம் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்தது அது. ஊதாவும் நீலமும் பெரும்பாலும் நடு ஏட்டில் உள்ளன. கத்தரிக்காய்த் தோலுக்கும் நாவற்பழத்துக்கும் நிறம் தரும் அந்தோசயனின் என்பதே இங்கும் நிறமாகிறது. செங்கல் போன்ற சிவப்பு மேல் தோலில் உள்ளது. மாவும் ஏடும் தோலும் நிறமற்று இருந்தால் வெள்ளைச் சோளம்.

இந்த வேறுபாடு ஏட்டறிவுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. மேல் தோல் தாய்ச்செடியின் உடம்பு. அதனால் சிவப்புக் கதிர் என்றால் கதிர் முழுவதும் ஒரே சிவப்பாக இருக்கும். எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் அந்தப் பருவத்தில் மாறாது. ஆனால், நடு ஏடும் மாவும் தாய், தந்தை இரண்டின் கலப்பில் உண்டாகின்றன. ஆகவே, வெள்ளைச் சோளத்தின் மேல் ஊதாச் சோளத்தின் மகரந்தம் விழுந்தால், அடுத்த தலைமுறைக்குக் காத்திராமல், அதே கதிரில், மகரந்தம் விழுந்த மணி மட்டும் ஊதாவாகிறது. ஒரே கதிரில் பல நிறம் காண்பதன் இரகசியம் இதுவே. ஒவ்வொரு மணியும் வெவ்வேறு தந்தைக்குப் பிறந்த பிள்ளை எனலாம்.

சில மணிகளில் புள்ளியும் கோடும் தெறித்தாற்போல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அறிவியலாளர் பார்பரா மெக்லின்டாக் அம்மையார் இந்தப் புள்ளிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, பரம்பரைக் கூறுகள் தம் இடத்தை விட்டு இடம் மாறக் கூடியவை என்று கண்டறிந்தார். பலர் நம்ப மறுத்த அந்த உண்மைக்காக 1983இல், தமது 81ஆம் வயதில், நோபெல் பரிசு பெற்றார்.

காற்று செய்யும் வேலை

சோளச் செடியின் உச்சியில் விரியும் பூங்கொத்து ஆண் பூ. இடையில், இலைக் கக்கத்தில் உருவாகும் இளங்கதிரே பெண் பூ. கதிரின் நுனியிலிருந்து தொங்கும் பட்டு நூல் ஒவ்வொன்றும் உள்ளேயுள்ள ஒரு மணியோடு இணைந்துள்ளது. நூலில் மகரந்தம் ஒட்டினால்தான் அந்த மணி உருவாகும். பல் விழுந்த வாய்போல் இடையிடையே மணியில்லாத கதிர் வருவதற்கு, அந்த நூல்களுக்கு மகரந்தம் எட்டாமையே காரணம்.

தேனீயை நம்பாமல் காற்றையே நம்பும் பயிர் இது. ஒரு செடி பல இலட்சம் மகரந்தத் துகள்களை உதிர்க்கும். பெரும்பகுதி அருகிலேயே விழுந்துவிடும். சிறு பகுதி வெகுதூரம் போகும். விதைக்காகப் பயிர் செய்வோர் இரு வகைகளுக்கிடையே 200 மீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுவார்கள். நமது தாமான்களில் 200 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்!

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் வளர்ப்பது ஊதா நிறப் புலுட் சோளம். அவித்தால் புலுட் அரிசிபோல் ஒட்டும் வகை. சாதாரணச் சோள மாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அமைலோபெக்டின் எனும் மாவுப்பொருளும், எஞ்சியது அமைலோஸ் எனும் மாவுப்பொருளும் இருக்கும். புலுட் சோளத்தில் கிட்டத்தட்ட முழுவதும் அமைலோபெக்டின், ஒட்டுவது அதனால்தான். அமெரிக்காவில் பிறந்த பயிருக்கு ஆசியா அளித்த கொடை இந்த ஒட்டும் தன்மை. சீனாவில் தோன்றிப் பர்மா, லாவோஸ், வியட்நாம், பிலிப்பீன்ஸ் எங்கும் பரவிய இவ்வகையை, 1908இல் சீனாவிலிருந்த ஒரு பாதிரியார் விதை அனுப்பிய பிறகே அமெரிக்கா அறிந்தது.

ஓர் ஆண்டு, அடுத்த வீதியில் உள்ள தம்பி ஒருவர் ஒரு கதிரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "அண்ணே, என் இனிப்புச் சோளத்தில் கறுப்பு மணி விழுந்திருக்கிறது. நோயா, பாருங்கள்" என்றார். நோயன்று, எங்கள் ஊதாச் சோளத்தின் மகரந்தம். அவர் கதிரில் நடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் கதிரில் நடந்ததோ தெரியவில்லை. ஊதா ஊதாவாகவே இருந்தது. அவித்து உண்டபோதுதான் பல மணிகள் ஒட்டாமல் மாவாக உதிர்வதை உணர்ந்தோம்.

இனிப்பும் ஒட்டும் தன்மையும் ஒடுங்கிப் போகும் குணங்கள். இனிப்புச் சோளமும் புலுட் சோளமும் கலந்தால், பிறக்கும் மணி இனிப்பாகவும் இராது, ஒட்டவும் ஒட்டாது. இரண்டுமற்ற சாதாரணச் சோளமாகிவிடும். இரு வீட்டுக்கும் நட்டம். ஊதா நிறம் மேலே போர்வையாக இருந்ததால் உள்ளே நிகழ்ந்த மாற்றம் மறைந்து போயிற்று.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. மருந்துக் கடையில் விற்கும் அயோடின் மருந்தில் சில துளிகளைத் தண்ணீரில் கலந்து கொள்ளுங்கள். உலர்ந்த மணியை வெட்டி, வெள்ளையான மாவுப் பகுதியில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் சாதாரணச் சோளம். செம்பழுப்பாக மாறினால் புலுட் சோளம். ஒவ்வொரு கதிரிலும் பல இடங்களிலிருந்து மணிகள் எடுத்துச் சோதிப்பது நல்லது. சோதித்த மணியை உண்ணக் கூடாது.

பாயான் லெப்பாசுக்கு ஏற்ற விதை

படங்களில் மணி மணியாக மின்னும் வெளிநாட்டுச் சோளங்களைக் கண்டு ஆசைப்படுவோர் பலர். வட அமெரிக்காவின் ஹோப்பி இன மக்களின் நீலச் சோளம் வறண்ட மணற்பாங்கான நிலத்துக்குப் பழகியது. ஈரம் தேடி விதையை மிக ஆழமாக ஊன்றுவார்கள். பெரு நாட்டின் கரு ஊதாச் சோளத்தில் கட்டையும் ஊதாவாக இருக்கும். அதைக் கொதிக்கவைத்துச் சிச்சா மொராடா எனும் பானம் செய்கிறார்கள். இவை அந்தந்த மண்ணின் பிள்ளைகள்.

நாமோ நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய அரைமணி நேரமே வேறுபாடு. கோடையில் 15 மணி நேரப் பகலைக் கண்டு பழகிய குளிர்நாட்டு வகைகள் இங்கே இடுப்புயரம் வளரும் முன்பே பூத்துவிடக் கூடும். அத்துடன், நமது ஈரக் காற்றில் வரும் துரு நோய், இலைக்கருகல், அடிச்சாம்பல் நோய் ஆகியவற்றைத் தாங்கும் வலிமை அவற்றுக்குக் குறைவு. ஆகவே, வெப்ப நாட்டில் தலைமுறையாக விளைந்த விதையே நமக்கு உகந்தது. ஊதா, வெள்ளை, இரண்டும் கலந்தது எனப் புலுட் சோளத்திலேயே பல நிறம் உண்டு.

விதை வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கடைகளில் பொட்டலமாக வரும் வண்ணச் சோள விதைகளில் பல வீரிய ஒட்டு விதைகள். அவை முதல் தடவை மிக நன்றாக விளையும். அவற்றிலிருந்து எடுத்து விதைத்தால் பிள்ளைகள் தாயைப்போல் இரா. ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் போகும். வழிவழியாக எடுத்து விதைக்கப்படும் மரபு விதையா என்று கேட்டறிந்து வாங்குங்கள். வீட்டுத் தோட்டத்தையும் இயற்கை உரத்தையும் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடமும் ஆலோசனை பெறலாம்.

தமிழகத்துக்கோ தாய்லாந்துக்கோ போய் வரும் அன்பர்கள் பையில் விதையைப் போட்டுக்கொண்டு வருவது வழக்கமாகிவிட்டது. தயவு செய்து அவ்வாறு செய்ய வேண்டாம். விதை கொண்டுவர மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைச் சேவைத் துறையின் இறக்குமதி அனுமதி வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, விதையோடு நோயும் வந்து சேரும்.

பயிரிடும் முறை

காலம்: பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் வறண்டவை. உண்பதற்கு மட்டுமெனில் எப்போதும் நடலாம். விதைக்கு நடுவதாயின் நவம்பர் நடுப்பகுதியில் நடுவது நன்று. ஜனவரியில் பூக்கும், பிப்ரவரி வெயிலில் கதிர் செடியிலேயே காயும். பூக்கும் காலத்தில் அடைமழை பெய்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போய்விடும்.

இடம்: நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் வேண்டும். 1972இல் பாயான் லெப்பாசில் தாராள வாணிப வட்டாரம் தொடங்கப்பட்ட பிறகு, வயலும் தோப்பும் இருந்த இடங்களில் தொழிற்சாலைகளும் தாமான்களும் எழுந்தன. நமது வீட்டு நிலங்களில் பல, மண் கொட்டி மேடாக்கப்பட்டவை. கட்டடக் கல்லும் களிமண்ணும் கலந்திருக்கும். எனவே, முக்கால் அடி உயரத்துக்குப் பாத்தி எழுப்பி, மக்கிய சாணமோ கோழி எருவோ கலந்து, இரு வாரம் ஆற விடுங்கள். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் பினாங்கைத் தாக்கிய பெருமழையை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் சோளம் நிற்காது.

நடவு: ஒரே நீள வரிசையாக வேலியோரம் நடுவது பயன் தராது, காற்று மகரந்தத்தை வெளியே கொண்டு போய்விடும். சதுரமாக நட வேண்டும். வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி இடைவெளி. பத்தடிக்கு எட்டடி நிலத்தில் 40 செடிகள் கொள்ளும். ஓர் அங்குல ஆழத்தில் இரண்டிரண்டு விதையாக ஊன்றி, முளைத்த பின் வலுவான ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். நான்கு ஐந்து நாளில் முளைத்துவிடும்.

உரம்: சோளம் பெருந்தீனிக்காரப் பயிர். முளைத்த மூன்றாம் வாரத்திலும், முழங்கால் உயரம் வந்த பின்னும் எரு இட்டு, அடிமண்ணை அணைத்துவிட வேண்டும். பட்டு நூல் வெளிவரும் வாரத்தில் தண்ணீர் குறையவே கூடாது.

பூச்சி, நோய்: இப்போது முதல் எதிரி படைப்புழு. அமெரிக்காவைச் சேர்ந்த இப்புழு 2018இல் கர்நாடகத்தில் காணப்பட்டது. அடுத்த ஆண்டே மலேசியாவுக்கும் வந்துவிட்டது. நடுக்குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் தெரிந்தால் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். சிறு தோட்டத்தில் காலை வேளையில் கையால் பொறுக்கி அழிப்பதும், குருத்தில் சிறிது சாம்பலும் மணலும் கலந்து இடுவதும் பெரும்பாலும் போதும். இலையில் வெளுத்த கோடுகள் ஓடி, காலையில் அடிப்புறம் வெண்பொடி படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். அச்செடியைப் பிடுங்கி அகற்றிவிடுங்கள். அதிலிருந்து விதை எடுக்கக் கூடாது.

கையால் மகரந்தம் சேர்த்தல்

அக்கம் பக்கத்தில் வேறு சோளம் இருக்கிறது என்றால் விதைக்கதிருக்குக் காவல் போட வேண்டும். அதற்குக் காகித உறை போதும்.

பட்டு நூல் வெளிவருவதற்கு முன்பே இளங்கதிரைச் சிறு காகித உறையால் மூடிவிட வேண்டும். நூல் வந்த பின் மூடுவது களவு போன பின் கதவடைப்பதாகும். உறைக்குள் நூல் நீண்டதும், முதல் நாள் மாலை ஆண் பூவைப் பெரிய காகித உறையால் மூடி அடியில் கட்டுங்கள். மறுநாள் காலை பனி உலர்ந்த பின், எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், பூவைச் சாய்த்துத் தட்டினால் மஞ்சள் தூள் உறையில் சேரும். பல செடிகளின் தூளை ஒன்றாகக் கலந்து, கதிரின் உறையை நீக்கி, நூல்கள் மேல் தூவி, உடனே மீண்டும் மூடுங்கள். மகரந்தம் வெயிலில் சில மணி நேரமே உயிரோடிருக்கும், ஆகையால் தாமதிக்கலாகாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்து, அக்கதிரில் ஒரு நூலைக் கட்டி அடையாளமிடுங்கள்.

ஒரு வீடு ஏன் போதாது?

இவ்வளவும் செய்தாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தக்காளியோ கத்தரியோ சில செடிகளிலிருந்து விதை எடுத்தாலும் தலைமுறை தாங்கும். சோளம் தாங்காது. சில செடிகளுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் விதை எடுத்தால், மூன்று நான்கு தலைமுறையில் செடி குட்டையாகி, கதிர் சிறுத்து, நலிந்து போகும். சொந்தத்துக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டே போனால் வரும் கேடு போன்றதே இது. ஒரு வகையை நலிவின்றிக் காக்க 100 செடிகளுக்குக் குறையாமலும், இயன்றால் 200 செடிகளிலிருந்தும் விதை எடுக்க வேண்டும் என்பது விதை காப்போர் கூறும் கணக்கு. நமது பக்கவாட்டு நிலத்திலோ 40 செடிதான் கொள்கிறது.

நாங்கள் கண்ட வழி இதுதான். ஐந்து வீடுகள் சேர்ந்தோம். கறுப்பு மணியோடு வாசலுக்கு வந்த அத்தம்பியும் அதில் ஒருவர். ஐந்து வீட்டிலும் ஒரே சோளத்தை ஒரே வாரத்தில் நடுகிறோம். ஐந்து நாற்பது இருநூறு. அறுவடையில் ஒவ்வொரு வீடும் நல்ல கதிர்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கைப்பிடி மணி கொண்டுவர, அனைத்தையும் ஒரே தாம்பாளத்தில் கலந்து, ஐந்தாகப் பிரித்துக் கொள்கிறோம். இனிப்புச் சோளம் வேண்டுமென்பவர் ஒரு மாதம் தள்ளி நட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். மூன்று நான்கு வாரம் முந்தியோ பிந்தியோ நட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கா.

கலந்து போன அந்த ஆண்டு நாங்கள் தப்பித்ததற்குக் காரணம், முந்திய ஆண்டு விதையில் ஒரு பங்கைக் குளிர்ப்பெட்டியில் தனியே வைத்திருந்ததே. அந்த ஆண்டுக் கதிர்களையெல்லாம் உண்டுவிட்டு, பழைய விதையிலிருந்து மீண்டும் தொடங்கினோம்.

இந்த விதை எங்களுக்கு வந்த விதத்தையும் கூற வேண்டும். முன்பு எங்கள் தாமானுக்கு அடுத்த கம்போங்கில் ஒரு மலாய் மூதாட்டி இருந்தார். மக்சிக் என்றே அனைவரும் அழைப்போம். தம் வீட்டுப் பின்புறம் ஆண்டுதோறும் இச்சோளத்தை நடுவார். அவர் தம் தாயாரிடம் பெற்ற விதையாம். ஒரு தீபாவளிக்கு நாங்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, தட்டை வெறுமையாகத் திருப்பித் தரலாகாது என்று மூன்று காய்ந்த கதிர்களை அதில் வைத்துக் கொடுத்தார். இன்று அவரும் இல்லை. அந்த வீடும் இல்லை. அவர் பிள்ளைகளிடம் கேட்டோம். அவர்களிடமும் விதை இல்லை. சென்ற ஆண்டு அவர் மகள் வந்து, ஒரு பொட்டலம் விதையை எங்களிடமிருந்து பெற்றுச் சென்றார்.

உலக அளவிலும் இத்தகைய செய்தி உண்டு. அமெரிக்காவின் ஒக்லஹாமா மாநிலத்தில் கார்ல் பார்ன்ஸ் என்ற குடியானவர் இருந்தார். செரோக்கீ பழங்குடி மரபில் வந்த அவர், தம் முன்னோரின் சோள வகைகளைத் தேடிச் சேர்த்து வளர்த்தார். அவர் கையில் உருவானதே கண்ணாடி மணிபோல் பல நிறத்தில் மின்னும் 'கிளாஸ் ஜெம்' சோளம். அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் பிறருக்கும் விதையாகக் கொடுத்தார். 2012இல் அதன் நிழற்படம் உலகெங்கும் பரவியது. அவர் 2016இல் மறைந்தார், சோளம் மறையவில்லை. கொடுத்ததால் பிழைத்தது.

விதையை உலர்த்திக் காத்தல்

உண்பதற்கான கதிரைப் பட்டு நூல் வந்த 18 முதல் 20 நாளில் பறிக்கலாம். விதைக்கதிர் செடியிலேயே முற்ற வேண்டும். மேல்மட்டை வைக்கோல் நிறமாகி, மணியைப் பெயர்த்தால் அடியில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் முற்றிவிட்டது. மட்டையை உரித்து, பின்னிக் கட்டி, மழைச்சாரல் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். எலிக்கு எட்டாத உயரம் முக்கியம்.

பின்பு மணிகளை உதிர்த்து நிழலில் மேலும் காயவிடுங்கள். பல்லால் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். நமது ஊர்க்காற்றே ஈரமானது. திறந்து வைத்தால் ஓராண்டில் முளைப்புத்திறன் வெகுவாகக் குறையும். வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து கண்ணாடிப் புட்டியின் அடியில் வைத்து, மேலே விதையிட்டு இறுக மூடினால், எஞ்சிய ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். வாரம் கழித்து அரிசியை மாற்றுங்கள். நன்கு உலர்ந்த விதையைச் சில நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் வண்டின் முட்டை அழியும். பிறகு குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில ஆண்டுகள் கெடாது. வகையின் பெயர், யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்று எழுதி ஒட்டுங்கள்.

அழகான கதிரை மட்டும் விதைக்குத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. அது கூடாது. நோயற்று நிமிர்ந்து நின்ற செடி எது என்று பார்த்தே எடுக்க வேண்டும்.

உணவில்

ஊதா நிறம் தண்ணீரில் கரையும் தன்மையது. கொதிக்கும் நீரில் இட்டால் பாதி நிறம் நீரோடு போய்விடும். ஆவியில் அவிப்பதே நன்று. அவித்த மணியை உதிர்த்து, தேங்காய்த் துருவலும் சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்தால் மாலைச் சிற்றுண்டிக்கு ஏற்றது.

முற்றிக் காய்ந்த சோளத்தை உண்பதில் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சோளம் கடல் கடந்து இத்தாலிக்கும் பிற நாடுகளுக்கும் சென்றபோது, அதையே மூன்று வேளையும் உண்ட ஏழைகளுக்குத் தோல் வெடிப்பும் மனக்கலக்கமும் உண்டாக்கும் பெலாக்ரா நோய் வந்தது. நியாசின் எனும் உயிர்ச்சத்துக் குறைவே காரணம் என்பது 1937க்குப் பிறகே தெளிவாயிற்று. மெக்சிகோ மக்களுக்கு அந்நோய் வரவில்லை. காரணம், அவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துக் கழுவிய பிறகே அரைப்பார்கள்; மணியில் கட்டுண்டிருக்கும் நியாசின் அதனால் விடுபடுகிறது. விதை பயணம் செய்தது. அதைச் சமைக்கும் அறிவு உடன் பயணம் செய்யவில்லை.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு மூன்று லீட்டர் தண்ணீரும், வெற்றிலைக்குப் பயன்படுத்தும் உண்ணத்தக்க சுண்ணாம்பு 10 கிராமும் போதும். முக்கால் மணி நேரம் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் மூன்று முறை நன்கு கழுவி அரைத்துக்கொள்ளலாம். ஊதாச் சோளம் சுண்ணாம்பு பட்டதும் நீலப்பச்சையாக மாறும், அஞ்ச வேண்டாம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது.

நிறைவாக

கோயிலுக்கு நிலம் விட்ட நம் முன்னோர், நிலத்தை விற்று விளக்கேற்றச் சொல்லவில்லை. விளைச்சலைக் கொண்டு ஏற்றச் சொன்னார்கள். முதல் அப்படியே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. விதையும் அத்தகைய முதலே. ஆனால் ஒரு வேறுபாடு: பணத்தைப் பூட்டி வைக்கலாம், சோள விதையைப் பூட்டி வைத்தால் சில ஆண்டில் செத்துவிடும். ஆண்டுதோறும் மண்ணில் இட்டு, பலர் கையில் கொடுத்தே அதைக் காக்க முடியும்.

வீட்டில் பத்தடி நிலமுள்ள அன்பர்கள் முதலில் அக்கம் பக்கத்தில் நான்கு வீட்டாரிடம் பேசிப் பாருங்கள். அவர்கள் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் ஐவரில் ஒருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர். ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து வீட்டிலும் அதையே நடுங்கள். அடுத்த தாமானில் உள்ளோர் வேறொரு நிறத்தை எடுத்துக்கொள்ளட்டும். அடுக்குமாடியில் குடியிருப்போர் நடுவதற்கு இடமில்லையே என வருந்த வேண்டாம். குளிர்ப்பெட்டியில் ஒரு புட்டி விதைக்கு இடம் கொடுப்பதும் காவல்தான். எங்கள் விதையில் ஒரு பங்கு அப்படித்தான் நான்காம் மாடி வீடொன்றில் இருக்கிறது.